நாற்பத்தாறாம் நம்பர் கோட்டு

குருபரப்பள்ளி
17 நவம்பர் 2024, ஞாயிறு

அன்பு நாத்தனார் ஜெபசீலிக்கு,

உன் அண்ணி லிபியா தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் உன் அண்ணனும் லியோவும் சுகம். உனக்குச் சளி விட்டதா? ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை பதினைந்து நிமிஷம்தான் போன் என்கிறாய். அதற்கும் வார்டன் சென்னம்மா பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுக்கிறார் என்கிறாய். எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே போன் உன் அண்ணன் சட்டைப்பையில் ஏறி ஃபவுண்டரிக்குப் போய்விடுகிறது. ஆகவே கடிதமே எழுதுவோம். ஒரு மணி நேரப் பஸ்ஸில் இருக்கும் ஓசூருக்குக் கடிதமா என்று தபால்காரர் சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

விஷயம் இதுதான். ஃபவுண்டரியில் உருக்கிய இரும்பை ஊற்றுகிறவர்களுக்கு எல்லாம் புதுக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள். தீப்பொறி விழுந்தாலும் பற்றாதாம். உன் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு, "எப்படிக்குது சொல்லு?" என்று திரும்பித் திரும்பி நின்றார். "கரடி வேஷம் கட்டின மாதிரி இருக்குது" என்றேன். லியோ நிஜமாகவே பயந்து அழுதான். துவைக்க எடுத்தபோது உள்பாக்கெட்டைப் புரட்டினால், வெள்ளை நாடாவில் 46 என்று தைத்திருக்கிறது. தையல் கம்பெனியில் உன் நம்பர் நாற்பத்தாறு என்று போன கிறிஸ்துமஸுக்குச் சொன்னாயே! நீ தைத்ததா? உன் அண்ணனுக்குச் சொன்னதும் மனுஷன் அந்த நாடாவைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இங்கே நெடுஞ்சாலையில் சர்வீஸ் ரோடு போடுகிறார்கள். மண்ணைப் பறித்துவிட்டு அடியில் கறுப்பாகத் துணி விரிக்கிறார்கள். கேட்டால் ரோடு உட்காராமல் இருக்கத் துணி என்கிறார்கள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவளுக்குப் புத்தி வேண்டாமா? உண்மைதானா, எழுது.

லியோவுக்கு ஒன்றரை வயது முடிந்தது. சோறு வடிக்கிற சத்தம் கேட்டால் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். உப்புப் போட்ட வடிகஞ்சிதான் அவனுக்குக் காப்பி.

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி லிபியா


ஓசூர்
8 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஜெபசீலியின் தோத்திரம். நான் சுகம், சளி விட்டது. நீங்களும் அண்ணனும் குட்டிப்பயலும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

அந்த நாற்பத்தாறு நான்தான் அண்ணி! கடிதத்தைப் படித்துவிட்டு லைனில் எல்லோரிடமும் சொன்னேன். எந்தக் கோட்டு எந்தக் கம்பெனிக்குப் போகிறது என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். தையலில் குறை வந்தால் ஆளைப் பிடிப்பதற்காகத்தான் அந்த நம்பர் நாடா. அது இப்படி அண்ணன் கைக்கே போய்ச் சேரும் என்று யார் கண்டது?

ரோட்டுத் துணி உண்மைதான். எங்கள் கம்பெனியில் அன்றாடம் உடுத்துகிற துணி என்று ஒரு முழம்கூடக் கிடையாது. பக்கத்து ஷெட்டில் சிமெண்ட் ஆலைப் புகைக்கு வடிகட்டிப் பை தைக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல். அதற்கடுத்து கார் மோதினால் உள்ளே உப்புகிற பலூன் துணி. ஆபரேஷன் அறைக்கு ரத்தம் ஊறாத அங்கி. தளியில் அம்மா ரோஜா பறிக்கிற இடத்தில் தலைக்கு மேல் கட்டியிருக்கிற பச்சை வலை இருக்கிறதே, அதுவும் இந்த ஜாதிதான். என் லைன் தீக்காப்புக் கோட்டு.

கோட்டில் துணியைவிட நூல் முக்கியம் என்பார் சூப்பர்வைசர் ஜோதிமணி அக்கா. துணி தீயைத் தாங்கி நின்றாலும், தைத்த நூல் உருகினால் கை தனி, உடம்பு தனி என்று பிரிந்து தொங்கிவிடும். அதனால் உருகாத நூல் என்று தனியாக வருகிறது. மஞ்சள் நூல் என்போம். ஊசியை ஒடிக்கும், விரலை அறுக்கும், ஆனால் நெருப்பில் காட்டினால் கறுக்குமே தவிர விடாது. அண்ணன் கோட்டின் கையை நான் இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு நாள்தான் லீவு. நேரே தளிக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். லியோவுக்கு முத்தம்.

ஜெபசீலி


குருபரப்பள்ளி
12 ஜனவரி 2025

அன்பு ஜெபாவுக்கு,

தோத்திரம். எல்லோரும் சுகம். நீயும் அப்படித்தானே?

புது வருஷத்துக்கு அத்தை தளியில் இருந்து இங்கே வந்து நான்கு நாள் இருந்தார்கள். லியோவை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. "இவன் அச்சு அசல் என் ரெக்ஸ்" என்று கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கொஞ்சினார்கள். போகும்போது, "சாந்தம்மா மருமக வீட்ட கண்ணாடியாட்டம் வெச்சுக்கீறான்னு சர்ச்சுல சொல்றேன்" என்றார்கள். அத்தை வாயில் இருந்து இப்படி ஒரு சொல் வர ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது.

மார்ச் நாலாம் தேதி ஃபவுண்டரியில் பாதுகாப்பு விழா. கோட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறவருக்குப் பரிசாம். போன வருஷம் முனிசாமி அண்ணன் வாங்கினார். அதில் இருந்து அவர் மனைவி குழாயடியில் என்னைப் பார்க்கிற பார்வையே வேறு. இந்தத் தடவை விடப்போவதில்லை. பழைய கோட்டு கசங்கிக் கிடக்கிறது, பிப்ரவரியில் புதிது கொடுக்கிறார்களாம். அதற்கு வடிகஞ்சி போட்டு இஸ்திரி போட்டால் எப்படி நிற்கும்! உள்ளே ஏதோ சீட்டு தைத்திருக்கிறது. அதில் இங்கிலீஷும் கட்டம் கட்டமாகப் படமும் இருக்கின்றன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கஞ்சி போட்டால் அந்தத் துணிக்குக் கெடுதலா? தைக்கிறவள் நீ, நீ சொன்னால் சரி. மறக்காமல் எழுது.

அண்ணி


ஓசூர்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

தோத்திரம். நலம். எல்லோருடைய நலத்துக்கும் ஜெபம்.

கை வலியோடு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். அவசர ஆர்டர் ஒன்று வந்து உயிரை எடுக்கிறது. அறுநூறு கோட்டு, பன்னிரண்டு நாள். ஞாயிறுகூட அரை நாள் வேலை. பாத்ரூம் போனால் ஜோதிமணி அக்கா கடிகாரத்தைப் பார்க்கிறார். நடுவில் மஞ்சள் நூல் வேறு தீர்ந்துபோனது. சாதா பாலியஸ்டர் நூலை அதே நிறத்தில் கொடுத்து, "தைங்கடி, பாக்க ஒண்ணாத்தான் இருக்குது" என்றுவிட்டார். எங்களுக்கும் சந்தோஷம்தான். ஊசி ஒடியவில்லை, விரல் அறுபடவில்லை, ஒரு மணிக்கு நான்கு பீஸ் கூடுதலாக ஓடுகிறது. என் லைன்தான் முதலில் முடித்தது. ஆளுக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார்கள்!

அத்தனை அசதி. விளக்கணைக்க மணி அடித்துவிட்டார்கள். லியோவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஜெபசீலி


குருபரப்பள்ளி
23 பிப்ரவரி 2025

அன்பு ஜெபாவுக்கு,

தோத்திரம். கை வலி எப்படி இருக்கிறது? வேப்பெண்ணெய் சூடு பண்ணித் தேய்.

புதுக் கோட்டு வந்துவிட்டது. உள்பாக்கெட்டைப் புரட்டினேன். மறுபடியும் 46! உன் அண்ணன் லாட்டரி அடித்தவர் மாதிரி முனிசாமி அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாராம். "என் தங்கச்சி தெச்சது. இதப் போட்டுக்கினு நரகத்துக்கே போயிட்டு வருவேன்" என்றாராம். வாயைக் கழுவுங்கள் என்றேன்.

கஞ்சியைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. கெடுதல் என்றால் முதல் வரியிலேயே எழுதியிருப்பாய், உன்னைத் தெரியாதா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை போடப்போகிறேன். லியோவுக்கு ஒரு டம்ளர், மீதி எல்லாம் கோட்டுக்கு. பரிசு வந்தால் உனக்குப் பாதி.

அண்ணி லிபியா


பெங்களூர், ஆஸ்பத்திரி
18 மார்ச் 2025

ஜெபாவுக்கு,

நீ எட்டாம் தேதி வந்து கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாய். உன்மேல் கோபம் இல்லை. பார்க்கிற மாதிரியா இருந்தார்?

அவர் போன் அவரோடு கருகிவிட்டது. நர்ஸம்மா கொடுத்த பேப்பரில் எழுதுகிறேன். இன்றைக்குப் பன்னிரண்டு நாள். இடது கை முழுக்க, நெஞ்சு, கழுத்து. வெள்ளி கலந்த துணியாம், அதைத்தான் சுற்றியிருக்கிறார்கள். புண்ணில் ஒட்டாதாம். இதையும் உன்னைப்போல் ஒருத்திதான் எங்கேயோ உட்கார்ந்து தைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் தேதி பரிசு வாங்கினார் ஜெபா. எவர்சில்வர் டிபன் கேரியர். கோட்டு அட்டை மாதிரி நின்றது. அதையே ஆறாம் தேதியும் போட்டுக்கொண்டு போனார். இரும்பு ஊற்றும்போது சிதறிக் கைமேல் விழுந்திருக்கிறது. எத்தனையோ தடவை விழுந்து உருண்டு போயிருக்கிறது. இந்தத் தடவை போகவில்லை. கை குப்பென்று பற்றியது, தையல் விட்டுத் துணி பிரிந்து தொங்கியது, உள்ளே போய்விட்டது என்று முனிசாமி அண்ணன் அழுதுகொண்டே சொன்னார்.

பாதுகாப்பு ஆபீசர் நேற்று வந்தார். மிச்சம் இருந்த துணியைத் தொட்டுப் பார்த்து, "கஞ்சி போட்டீங்களாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். உள்ளே இருந்த சீட்டைக் காட்டினார். ஒரு கட்டத்தில் படம் போட்டுக் குறுக்கே கோடு அடித்திருந்தது. கஞ்சி போடக் கூடாது என்று அர்த்தமாம். கஞ்சி காய்ந்தால் துணிமேல் காகிதம் ஒட்டின மாதிரியாம், அது பற்றும்போது துணியால் தாங்க முடியாதாம். என் கையாலே போட்டேன். என் கையாலே இஸ்திரி போட்டு, என் கையாலே பட்டன் மாட்டிவிட்டேன்.

அவருக்காக ஜெபம் பண்ணு. எனக்கு வாயில் வரவில்லை.

லிபியா


ஓசூர்
30 மார்ச் 2025

அண்ணிக்கு,

அண்ணன் அடக்கத்தில் உங்களோடு பேச முடியவில்லை. லீவு அரை நாள்தான் கொடுத்தார்கள். நீங்கள் தைரியமாக இருக்க வேண்டும். லியோவுக்காக இருக்க வேண்டும். எல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

ஜெபசீலி


கல்லாவி
4 மே 2025

ஜெபசீலிக்கு,

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். லியோ சுகம். உன் கடிதம் ஐந்து வரி இருந்தது. எண்ணிப் பார்த்தேன்.

தளியில் உன் அண்ணனைக் குழியில் இறக்கும்போது அத்தை என்னைப் பார்த்துச் சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். நீ அத்தைக்குப் பின்னால்தான் நின்றிருந்தாய். "எம்புள்ளைய கஞ்சி போட்டுக் கொளுத்திட்டா பாவி." அன்று துக்கத்தில் சொன்னார்கள் என்று இருந்தேன். இப்போதும் அதையேதான் சொல்கிறார்கள். ஃபவுண்டரியில் இருந்து வந்த காகிதத்திலும் வீட்டில் துவைத்த முறையே காரணம் என்று எழுதிவிட்டார்கள். கல்லாவிச் சந்தையில்கூட என்னைக் காட்டி ஏதோ பேசுகிறார்கள். இருக்கட்டும்.

அத்தை இப்போது லியோவைக் கேட்கிறார்கள். அப்பனைக் கொன்றவள் கையில் பிள்ளை வளரக் கூடாதாம். போதகரையும் சபைப் பெரியவர்களையும் வைத்துப் பேசுகிறார்கள். எங்கள் அப்பாவும், "அவங்களுக்கும் ஒரு ஆறுதல் வேணுமில்ல? உனக்கு இருவத்தாறு வயசுதான்" என்று இழுக்கிறார். எனக்குப் பேச வாய் இல்லை. செய்தவள்தானே நான்.

ஒன்று கேட்கிறேன். அத்தை நீ சொன்னால் கேட்பார்கள். உனக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால் சொல்.

லிபியா


ஓசூர்
18 மே 2025
(தபாலில் சேர்க்கவில்லை)

அண்ணி,

நீங்கள் மட்டும் இல்லை. நானும்.

அந்த இரண்டாவது கோட்டு, நூல் தீர்ந்துபோன அறுநூறில் ஒன்று. கையைப் பாலியஸ்டர் நூலில்தான் தைத்தேன். அது தீயில் மெழுகு மாதிரி உருகும். உருகினால் பிரியும். இது தெரியாமல் தைத்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. டிசம்பரில் நானே உங்களுக்குப் பெருமையாக எழுதினேன். தெரிந்துதான் தைத்தேன். அண்ணன் போடுவார் என்று தெரியாது, அவ்வளவுதான். யாரோ ஒருவர் போட்டால் பரவாயில்லை என்று இருந்திருக்கிறேன்.

கஞ்சியைக் கேட்டு எழுதினீர்கள். அந்தச் சீட்டை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை தைக்கிறவள் நான். கூடாது என்று எனக்குத் தெரியும். பதில் எழுத உட்கார்ந்தபோது கை வலியைப் பற்றி எழுதினேன், சாக்லேட்டைப் பற்றி எழுதினேன். நீங்கள் கேட்டதே மறந்துபோனது. கஞ்சி போடப்போகிறேன் என்ற உங்கள் கடிதத்தை வார்டன் என் கையில் கொடுத்தது மார்ச் ஒன்பது. அண்ணனைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்த மறுநாள்.

ஜோதிமணி அக்கா எங்கள் லைனைக் கூப்பிட்டு நிறுத்தினார். "நூலப் பத்தி வெளிய எவளாச்சும் வாயத் தொறந்தா யோசிச்சுத் தொறங்க. கோட்டுக்குள்ள இருக்கிறது உங்க நம்பரு. என் பேரு இல்ல" என்றார்.

அம்மாவுக்கு இருப்பது இனி நான் ஒருத்திதான். அவர் என்னையும் அப்படிப் பார்த்தால் நான் எங்கே போவேன் அண்ணி?


ஓசூர்
18 மே 2025

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். அம்மாவுக்கு மனசு ஆறக் கொஞ்ச நாள் ஆகும். பெரியவர்கள் பார்த்து நல்லதாகவே செய்வார்கள். லியோவுக்கு முத்தம்.

ஜெபசீலி


கல்லாவி
22 ஜூன் 2025

ஜெபசீலிக்கு,

நாள் குறித்துவிட்டார்கள். ஜூலை பதின்மூன்று, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தளி ஆலயத்தில் போதகர் முன்னால் லியோவை அத்தையிடம் கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் நான் போய்ப் பார்க்கலாம்.

அவனுக்கு ஒன்றும் தெரியாது. "பாட்டி வீட்டுக்குப் போலாமா" என்றால் செருப்பை எடுத்துக்கொண்டு வருகிறான். இரண்டு செருப்பையும் ஒரே கையில்.

கஞ்சி போட்டதை நான் ஒருநாளும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒன்றுதானா என்று ஒரு வார்த்தை சொல்ல யாராவது இருந்தால், அத்தை அவ்வளவு கல்லாக இருக்க மாட்டார்கள். போதகரும் யோசிக்கலாம் என்கிறார். வேறு ஏதாவது உனக்குத் தெரிந்தால் எழுது. பதின்மூன்றுக்குள் எழுது. உன்னைத் தவிர அந்தக் கோட்டைத் தெரிந்தவர்கள் எனக்கு வேறு யார்?

லிபியா


ஓசூர்
10 ஜூலை 2025

அண்ணிக்கு,

மே மாதம் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை இதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு இதைப் படியுங்கள். அதில் இருப்பது அத்தனையும் உண்மை. அம்மாவிடம் காட்டுங்கள், போதகரிடம் காட்டுங்கள். இரட்டைத் தையல் போட்ட இந்தக் கை உங்களுக்குச் செய்த பாவத்துக்கு வேறு பரிகாரம் எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிறு அம்மாவுக்குப் போன் போட்டேன். உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷ வேலை. அம்மா "அலோ" என்றார். "சாப்டியா கண்ணு? ஒனக்காச்சும் ஒடம்பு நல்லா இருக்குதா?" என்றார். சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். வார்டன் மீதி பதினாலு நிமிஷம் இருக்கிறதே என்றார்.

நாளைக்குத் தபாலில் சேர்த்துவிடுவேன். மன்னிக்கச் சொல்லி எழுத எனக்கு முகம் இல்லை.

ஜெபசீலி


கல்லாவி
17 ஆகஸ்ட் 2025

ஜெபாவுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் இருக்கிறேன். மஞ்சள் காட்டுக்குக் களை எடுக்கப் போகிறேன்.

உன் கடிதம் ஜூலை பதினாறாம் தேதி வந்தது. பதின்மூன்றாம் தேதி நீயே தளிக்கு வந்திருந்தாய். கையில் கொண்டுவந்திருக்கலாம். உன் கையில் கைக்குட்டை மட்டும்தான் இருந்தது.

நீ எழுதிய எதுவும் எனக்குப் புதிது இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அண்ணனுக்காகக் காத்திருந்த நாட்களில் உன் பழைய கடிதங்களைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். பைபிளுக்குள் வைத்திருந்தேன். டிசம்பரில் நூல் உருகினால் கை பிரிந்து தொங்கும் என்று எழுதியிருந்தாய். பிப்ரவரியில் நூல் தீர்ந்துபோனது என்று எழுதியிருந்தாய். கோட்டின் கை பிரிந்து தொங்கியது என்று முனிசாமி அண்ணன் சொன்னார். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பெரிய படிப்பு வேண்டாம். அன்றில் இருந்தே தெரியும். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டேன். ஜனவரியில் கேட்டதற்கு நீ எழுதாமல் விட்டதைச் சரி என்று படித்துக்கொண்டவள்தானே நான்? பிறகு நீ எழுதாமல் விடுவதைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். காலம் கடந்துதான்.

அந்தப் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டுதான் தளிக்கு வந்தேன். ஆராதனை முடிந்து போதகர் என் பெயரைக் கூப்பிட்டதும் பைக்குள் கையைவிட்டு அதைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அத்தை உன் தோளில் சாய்ந்து, "எனக்கு இவ ஒருத்தி மிச்சம்" என்று அழுதார்கள். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கடிதத்தை எடுத்திருந்தால் லியோ என் இடுப்பில் இருந்திருப்பான். எடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். கை வரவில்லை. கஞ்சி போட வந்த கை அதற்கு வரவில்லை. அத்தைமேல் இரக்கமா, நானும் செய்தவள்தானே என்ற பயமா என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. நான் நல்லவள் என்று மட்டும் நினைத்துவிடாதே. தினமும் உன்னைச் சபிக்கிறேன். சபித்துவிட்டு, உன் கை வலி எப்படி இருக்கிறதோ என்றும் நினைக்கிறேன்.

இப்போது காட்டினால் என்ன என்று கேட்பாய். காட்டலாம். நூல் உருகியதா, கஞ்சி பற்றியதா, எது முதலில் என்று யார் சொல்வது? அத்தைக்கு என்மேல் பாதிக் கோபம் குறையும், உன்மேல் முழுக் கோபம் வரும். அவன் வளர்கிற வீட்டில் அழுகை இன்னும் ஒரு பங்கு கூடும். வேண்டாம். ஜூலையில் நீ சேர்த்து அனுப்பிய இரண்டு காகிதங்களையும் அடுப்பில் போட்டுவிட்டேன். நாற்பத்தாறு நாடா மட்டும் தப்பித்து என்னிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவர் சாமான்களோடு கொடுத்தார்கள்.

இனி எனக்கு எழுதாதே. ஒரே ஒரு வேலை மட்டும் செய். அத்தை வீட்டில் இப்போது சோறு வடிப்பதே இல்லையாம். கஞ்சியைப் பார்க்கவே ஆகவில்லை என்று குக்கரில் வைக்கிறார்களாம். லியோ டம்ளரைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்து நிற்கிறானாம், எதற்கு என்று அவர்களுக்குப் புரியவில்லையாம். போதகர் மனைவி சொன்னார். நீ லீவுக்குப் போகும்போது, அத்தை பூப்பறிக்கப் போன நேரம் பார்த்து, ஒரு கைப்பிடி அரிசி வடித்து அவனுக்கு ஒரு டம்ளர் கொடு. உப்புக் கொஞ்சமாகப் போடு. ஆறவைத்துக் கொடு.

லிபியா